கம்பளியும் கொக்கி ஊசியும்

மலைநாட்டுத் தோட்டங்களுக்கு முதலில் வந்த கம்பளி கடனாகத்தான் வந்தது. திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்து வெயிலில் வளர்ந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடு கடந்து, மலையேறி வந்து சேர்ந்தபோது அவர்கள் தோளில் போடப்பட்ட கறுப்புக் கம்பளி, ஆள்சேர்த்து வந்த கங்காணியின் கணக்கேட்டிலும் ஏறியது. வழிச்செலவு, அரிசி, கம்பளி என்று எழுதிய பற்று சம்பளத்துக்குச் சம்பளம் கழியும், தீராது. கடனோடு சேர்த்து ஆளையும் அடுத்த தோட்டத்துக்குத் தள்ளிவிடும் ‘துண்டு’ முறையை 1921இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். கம்பளி அதற்குப் பிறகும் வெகுகாலம் தோட்டத்தில் இருந்தது.

அது பின்னியதல்ல, நெய்தது. ஆட்டுரோமத்தின் முரட்டு நூல் கழுத்தில் பட்டால் அரிக்கும். மழையில் கொங்காணியாகத் தலையில் மடித்துப் போட்டுக்கொண்டு மலைக்குப் போவார்கள். நனைந்தால் கூடையைவிடக் கம்பளி கனக்கும். மாலையில் அடுப்புக்கு மேலே கயிற்றில் தொங்கவிட்டு, பாதி காய்ந்ததை இரவு பிள்ளைகளுக்குப் போர்த்துவார்கள். புகை, ஆட்டுவாடை, தேயிலைச்சாயம் எல்லாம் கலந்த அந்த வாசம் ஐம்பது வயதைக் கடந்த எந்த மலையகத்தாருக்கும் இன்னும் மூக்கில் நிற்கும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். தை, மாசியில் சில விடியற்காலைகளில் உறைபனி விழுந்து கொழுந்து கருகிவிடும். அந்தக் குளிருக்கு ஒரு குடும்பத்திடம் இருந்த கம்பளி உடை பெரும்பாலும் அது ஒன்றுதான்.

அதே மலையில், கூப்பிடு தூரத்தில், வேறொரு கம்பளி உலகமும் இருந்தது. பங்களாவில் கணப்பு எரியும். தோட்டத்துரையின் மனைவி துரைசாணி நாற்காலியில் அமர்ந்து பின்னிக்கொண்டிருப்பாள். காலடியில் நூலுருண்டை, மடியில் இங்கிலாந்திலிருந்து வந்த மாதிரிப் புத்தகம். ஊரில் உள்ள தங்கைக்குப் பிள்ளை பிறந்திருந்தால் வெள்ளைச் சட்டை, கிறிஸ்மஸ் வந்தால் துரைக்குக் காலுறை. 1914இல் போர் வந்ததும் இலங்கைத் தோட்டத்துரைமாரின் ரைபிள் படை எகிப்துக்கும் கலிப்பொலிக்கும் போயிற்று. மேரி இராணியாரின் பெயரில் இயங்கிய தையற்சங்கம் பேரரசு முழுவதும் இருந்த பெண்களிடம் கழுத்துத்துண்டும் காலுறையும் கேட்டு வாங்கிப் படைவீரருக்கு அனுப்பிய காலம் அது. தருமத்துக்குப் பின்னுவது என்ற வழக்கம் உலகெங்கும் வேர்விட்டதில் அந்தப் போருக்குப் பெரும் பங்குண்டு.

நூல் மட்டும் எப்போதும் வெளியிலிருந்துதான் வந்தது. 1848இல் நுவரெலியாவில் ஓர் ஆங்கிலக் கிராமத்தையே நட்டுவிடப் புறப்பட்ட சாமுவேல் பேக்கர், கப்பலில் கொண்டுவந்தவற்றில் மூன்று உயர்சாதிச் செம்மறிக் கடாக்களும் உண்டு என்று தம் நூலில் எழுதியிருக்கிறார். கரட்டும் லீக்ஸும் பிடித்துக்கொண்ட மண்ணில் ஆட்டுரோமத் தொழில் மட்டும் பிடிக்கவில்லை. குளிர் இங்கே, குளிருக்கான நூல் வேறெங்கோ என்பது இன்றுவரை மாறாத நிலை.

பங்களாவிலிருந்து, தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்துக்குப் பின்னல் இறங்கிய வழிகள் இரண்டு. ஒன்று, ஆயா. துரையின் பிள்ளையைப் பார்த்துக்கொண்ட தமிழ்ப்பெண் துரைசாணியின் விரலைப் பார்த்தே கற்றுக்கொண்டாள். வாசிக்கத் தெரியாத ஒருத்தி வாயால் எண்ணியே ஒரு சட்டையை முடித்துவிடுவாள் என்பதைத் தோட்டத்துப் பழைய ஆட்கள் பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். மற்றது, மிஷனும் கன்னியர்மடமும். மிஷனரிமாரின் மனைவியர் தமிழ்ப்பெண்களுக்கு ஊசிவேலை பழக்கியது தென்னிந்தியாவில் ஏற்கெனவே பழகிய சங்கதி. நாகர்கோவிலில் மார்த்தா மோல்ட் அம்மையார் 1820களிலேயே லேஸ் பின்னலைத் தொடங்கிவைத்துவிட்டார். மலைநாட்டில் ஹட்டன் ஹைலன்ட்ஸ் கல்லூரியை மெதடிஸ்த மிஷன் 1892இல் தொடங்கியது. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் கத்தோலிக்கக் கன்னியரின் பெண்பள்ளிகள் எழுந்தன. தையல் வகுப்பும் குரோஷே மேசைவிரிப்பும் அங்கிருந்துதான் பரவின.

ஆனால் அங்கே படித்தவர்கள் யார்? கணக்கப்பிள்ளையின் மகள், பெரிய கங்காணியின் மகள், டிஸ்பென்சரி ஐயாவின் மகள், கடைக்காரர் மகள். கொழுந்தெடுப்பவள் மகளுக்குக் கிடைத்தது தோட்டத்து ஓராசிரியர் பள்ளி. அங்கே வாசிப்பும் கணக்கும் சொல்லிக்கொடுக்க ஒரே ஒரு வாத்தியார். ஊசிவேலை சொல்லித்தர ஆளில்லை. அந்தப் பள்ளிகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். ஆக, தோட்டத்தில் ஒரு வீட்டு நாற்காலிச் சாய்வில் குரோஷே விரிப்பு கிடந்தால் அந்த வீட்டின் தரம் இன்னதென்று வாசலிலேயே தெரிந்துவிடும். ‘ஸ்டாப்’ எனப்படும் தோட்ட உத்தியோகத்தர் வீட்டுக்கு அது அடையாளம். லயத்தில் நாற்காலியே அபூர்வம்.

பின்னல் வேலையைப் பற்றி எழுதுகிறவர்கள் பொறுமை, அன்பு, மனஅமைதி என்றெல்லாம் எழுதுகிறார்கள். இருக்கட்டும். அதற்கெல்லாம் முன்னால் இன்னும் அடிப்படையான இரண்டு வேண்டும்: ஓய்ந்த பொழுது, காய்ந்த கை. கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு இரண்டும் இல்லை. விடியுமுன் எழுந்து ரொட்டி சுட்டு, பிள்ளையைத் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் விட்டு, மலைக்குப் போய், நிறுத்து முடித்து, விறகு சுமந்து, பிள்ளையை வாங்கிக்கொண்டு வீடு சேர்ந்தால் அடுப்பு காத்திருக்கும். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. மண்ணெண்ணெய் விளக்கு. பல லயங்களுக்கு மின்சாரம் வந்தது வெகுகாலம் கழித்துத்தான். அந்த வெளிச்சத்தில் கறுப்பு நூலில் கண்ணி எண்ணச் சொன்னால் துரைசாணியாலும் முடியாது.

கையைப் பாருங்கள். நாளெல்லாம் ஈரக்கொழுந்தைக் கிள்ளும் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் சாயம் ஏறிக் கறுத்து, ஓரம் ஓரமாக வெடித்திருக்கும். கோடைக்காற்றில் அந்த வெடிப்பு ஆழமாகும். மென்மையான உல்லன் நூல் அந்த விரலில் ஓடாது. ஒவ்வொரு வெடிப்பிலும் சிக்கி இழை பிரியும். இது யாரும் கற்பனை செய்து சொல்வதல்ல. எங்கள் பெரியம்மாவிடம் அவருடைய தங்கைமார் ஊசி கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, “நமக்கு ஒத்து வராதுக்கா” என்று திருப்பிக் கொடுத்ததற்குக் காரணம் இதுதான்.

பெரியம்மா லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா ஆயாவாக இருந்தவர். தோட்டத்தில் கை காய்ந்திருந்த பெண்களில் ஒருவர். சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும் அந்த அறையில், பால் கொடுத்துப் பிள்ளைகள் உறங்கிய பிறகு கிடைக்கும் முற்பகல் நேரம்தான் அவருடைய பின்னல் நேரம். ஊசி கடையில் வாங்கியதல்ல. மழைநாட்டில் உடைந்த குடைக்குப் பஞ்சமா? குடைக்கம்பி இரண்டை ஒரே அளவுக்கு அறுத்து, முனையைக் கருங்கல்லில் தீட்டி, மற்ற முனையில் கண்ணி நழுவாமல் இருக்க இறப்பர் துண்டொன்றைச் செருகியிருப்பார். அளவுக்கணக்கு எதுவும் அவருக்குத் தெரியாது. கடையில் விற்கும் பத்தாம் நம்பர் ஊசி 3.25 மில்லிமீற்றர், எட்டாம் நம்பர் 4 மில்லிமீற்றர் என்பதெல்லாம் பின்னால் நான் தெரிந்துகொண்டது. அவருக்கு இரண்டே அளவு: பிள்ளைக்கு மெல்லிய கம்பி, பெரியவர்களுக்குத் தடித்த கம்பி.

நூல்? புது நூல் வாங்கும் வீடு அது அல்ல. பழைய ஸ்வெட்டரை அவிழ்ப்பார். பங்களாவிலிருந்தோ ஸ்டாப் வீட்டிலிருந்தோ கழித்துக் கொடுத்த, முழங்கை ஓட்டையான ஸ்வெட்டர். முதலில் தோள்தையலைப் பிரிக்க வேண்டும். அவசரப்பட்டுக் கத்தரித்தால் நூல் துண்டு துண்டாகிவிடும். பிறகு கழுத்துப் பக்கத்திலிருந்து இழுத்தால் வரிசை வரிசையாக அவிழ்ந்து வரும். பின்னிய பின்னலை வந்த வழியே திரும்ப நடக்கவிடுவது அது. அவிழ்ந்த நூல் சுருள் சுருளாகத்தான் இருக்கும். அதை ஸ்டூலின் நான்கு காலிலும் சுற்றிக் கழியாக்கி, அங்கங்கே தளரக் கட்டி, சோப்புத் தண்ணீரில் அலசி, கீழே ஒரு கல்லைத் தொங்கவிட்டுக் காயவைத்தால் சுருள் நிமிரும். அப்புறம்தான் உருண்டை. இரண்டாம் உலகப்போரில் பிரித்தானிய அரசு ‘இருப்பதைச் சீர்செய்து உடுங்கள்’ என்று 1943இல் கையேடு அச்சிட்டுத் தன் மக்களுக்குச் சொல்லிக்கொடுத்த சிக்கனம் இது. பெரியம்மாவுக்கு யாரும் கையேடு தரவில்லை.

அந்த நூலில் பிறந்தவை எல்லாம் சின்னச் சின்னச் சாமான்கள். பிள்ளைத்தொப்பி, சொக்ஸ், கை இல்லாத ஸ்வெட்டர். நூல் போதாத இடத்தில் நிறம் மாறும். பாதிச் சட்டை பச்சை, மீதி மஞ்சள். தங்கை மகளின் முதல் பிள்ளைக்கு, எதிர்வீட்டுக்காரியின் பேரனுக்கு, தாயில்லாத பிள்ளைக்கு. யாருக்கும் அதைத் ‘தருமம்’ என்று சொல்லிக் கொடுக்கவில்லை. பிள்ளைக்காம்பராவுக்கு வரும் பிள்ளை குளிரில் நடுங்கினால் தொப்பி தலைக்குப் போய்விடும், அவ்வளவுதான். பங்களாவிலிருந்து கிறிஸ்மஸுக்கு வந்த அன்பளிப்புக்கு வரிசையில் நின்று கைகூப்ப வேண்டியிருந்தது. பெரியம்மாவின் தொப்பிக்கு வரிசை கிடையாது. எனக்கு இந்த வித்தியாசம் முக்கியமாகப் படுகிறது.

1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் எங்கள் மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கு பிரித்தது. ஒரே லயத்தில் அண்ணனுக்கு ஒரு நாடு, தம்பிக்கு ஒரு நாடு. தலைமன்னார்க் கப்பல் 1984இல் நிற்கும்வரை தகரப்பெட்டிகள் கடல் கடந்துகொண்டிருந்தன. போகிறவர்களுக்குப் பரிசாக ஸ்வெட்டர் கொடுத்தார்கள். சமவெளிக்குப் போகிறவர்களுக்கு அது எதற்கு என்று சிரித்தவர்களும் உண்டு. ஆனால் போனவர்களில் பலர் நீலகிரிக்கே போய்ச் சேர்ந்தார்கள். தாயகம் திரும்பியோருக்காக 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம், பின்னாளைய டான்டீ, அவர்களைக் கூடலூர், கோத்தகிரிப் பக்கத்துக் குளிரில் மறுபடியும் கொழுந்துக்கூடையோடு நிறுத்தியது. டிக்கோயாவில் பின்னிய ஸ்வெட்டர் அங்கே வீணாகவில்லை.

அதற்குப் பிறகு நடந்த மாற்றங்கள் வேகமானவை. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின; வெள்ளைத் துரைசாணிமாரின் காலம் முடிந்தது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. ஆடைத் தொழிற்சாலைகள் பெருகின. 1992இல் ‘200 ஆடைத் தொழிற்சாலை’ திட்டத்தை அரசு அறிவித்தபோது இலங்கை மேற்குலகத்தின் தையற்காரனாகியிருந்தது. அதே ஆண்டில் தோட்டங்கள் மறுபடி தனியார் நிர்வாகத்துக்குப் போயின.

ஆடைத் தொழிற்சாலைகளின் மிச்சம் மலையேறி வந்து சேர்ந்த இடம், நுவரெலியா பேல் பஜார். மத்திய சந்தைக்குப் பக்கத்தில் தகரக்கூரைக்குக் கீழே தோளோடு தோள் ஒட்டிய கடைகள். வெளிநாட்டுக் குளிருக்கென்று தைத்து, ஒரு தையல் கோணியதால் கழிக்கப்பட்ட ஜாக்கெட்டுகள். கழுத்து லேபலைக் குறுக்கே வெட்டிய ஸ்வெட்டர்கள். ஒற்றைக் காதுமூடித் தொப்பிகள். ஏப்ரல் சீசனுக்குக் கொழும்பிலிருந்து வருகிறவர்கள் குளிரை எண்ணாமல் வந்துவிட்டு அங்கேதான் ஓடுவார்கள். தோட்டத்து ஆட்களுக்கு அது சுற்றுலா அல்ல. சம்பளத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பிள்ளையை முன்னால் நிறுத்தி, கையை விரிக்கச் சொல்லி, தோளிலிருந்து மணிக்கட்டுவரை ஸ்வெட்டரை வைத்து அளப்பார்கள். “ஒரு சைஸ் கூடவே எடு, அடுத்த வருசமும் போடட்டும்” என்பது எல்லாத் தாயும் சொல்லும் வசனம்.

இந்த ஸ்வெட்டருக்கு முன்னால் கைப்பின்னல் நிற்க முடியவில்லை. நிற்கவும் வேண்டியதில்லை என்பது என் கட்சி. ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு ஸ்வெட்டர் பின்ன ஐந்தாறு உருண்டை நூல் வேண்டும். அந்த நூலின் விலைக்கு பஜாரில் ஆயத்தச் சட்டையே கிடைத்துவிடும், கைக்கூலி போடாமலே. அந்தக் காலத்துக் கைவேலை அழிந்துவிட்டதே என்று மேடையில் வருந்துகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். அன்று லயத்தில் பத்துப் பிள்ளைக்கு ஒரு பிள்ளைதான் ஸ்வெட்டர் போட்டிருந்தது. இன்று பள்ளிக்கூட மணியடித்தால் ரோட்டில் இறங்கும் பிள்ளைகள் எல்லோருமே போட்டிருக்கிறார்கள். மலைக்குப் போகிறவர்களின் தலையிலும் கம்பளிக் கொங்காணி குறைந்து, பிளாஸ்டிக் விரிப்பும் மழைக்கோட்டும் ஏறிவிட்டன. கனம் குறைவு, அரிப்பு இல்லை.

நூலும் மாறிவிட்டது. ஹட்டன் கடையில் ‘உல்லன்’ என்று கேட்டு வாங்குவது இன்று பெரும்பாலும் அக்ரிலிக். ஆடு கண்டிராத நூல். 1950க்குப் பிறகு உலகச் சந்தைக்கு வந்த செயற்கை இழை. மலிவு, நிறம் போகாது, வெந்நீரில் சுருங்காது. குறை ஒன்று உண்டு, அது லயத்துக்குப் பெரிய குறை. ஆட்டுரோமம் எளிதில் தீப்பற்றாது. அக்ரிலிக் உருகித் தோலில் ஒட்டும். இன்னமும் விறகடுப்பு எரியும் வீட்டில், குளிருக்கு அடுப்போரம் ஒதுங்கும் பிள்ளைக்குத் தொங்கட்டான் வைத்த அக்ரிலிக் சால்வை ஆகாது. நனைந்தாலும் கொஞ்சம் சூடு காக்கும் குணமும் ரோமத்துக்குத்தான் உண்டு. அந்த விஷயத்தில் பழைய கறுப்புக் கம்பளியை நான் குறைசொல்ல மாட்டேன்.

இப்படியாக ஸ்வெட்டர் பின்னல் ஏறத்தாழ முடிந்துபோன இடத்தில், இந்தச் சில ஆண்டுகளாக இன்னொன்று முளைத்திருக்கிறது. இரட்டை ஊசி அல்ல, ஒற்றைக் கொக்கி ஊசி. குரோஷே. கொரோனா ஊரடங்கில் போனும் கையுமாக வீட்டில் அடைந்த பெண்பிள்ளைகள் யூடியூபைப் பார்த்துப் பழகியது. ரோஜாப் பூங்கொத்து, சாவிக்கொத்தில் தொங்கும் தேனீ, போன் உறை, முயல் பொம்மை. தமிழ், சிங்களம், ஹிந்தி, எந்த மொழியில் வீடியோ ஓடினாலும் கையைப் பார்த்தால் போதும். துரைசாணியின் விரலைப் பார்த்து ஆயா கற்றாளே, அதே படிப்புத்தான். இங்கே விரலை நிறுத்தி, திருப்பி ஓட்டிப் பார்க்கலாம் என்பது கூடுதல் வசதி.

ஏன் நிட்டிங் போய் குரோஷே வந்தது? நாகரிகம் என்பார்கள். அதற்குள் ஒரு தொழில்நுட்பக் காரணமும் இருக்கிறது. இரட்டை ஊசிப் பின்னலில் ஒரு வரிசைக் கண்ணிகள் அத்தனையும் ஊசியில் உயிரோடு நிற்கும். ஒரே ஒழுங்கில் நகரும். அதனால் இயந்திரத்துக்கு அது எளிது. வில்லியம் லீ என்ற ஆங்கிலேயர் 1589லேயே காலுறை பின்னும் இயந்திரத்தைச் செய்துவிட்டார். கொக்கிப் பின்னலில் உயிர்க்கண்ணி பெரும்பாலும் ஒன்றுதான். கொக்கி எந்தப் பக்கமும் திரும்பும், எந்த ஓட்டையிலும் நுழையும். அதை அப்படியே தொழிற்சாலையில் பின்னித்தள்ளும் இயந்திரம் இன்றுவரை சந்தைக்கு வரவில்லை. குரோஷே மாதிரித் தோன்றும் இயந்திரத்துணி வேறு வகைப் பின்னல். ஆகவே பேல் பஜாரால் ஸ்வெட்டரை விழுங்க முடிந்தது. குரோஷே ரோஜாவை விழுங்க முடியவில்லை.

இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. உலகின் எந்த மூலையிலும் ஒரு குரோஷே சாமான் அடிமாட்டு விலைக்கு விற்கிறதென்றால், எங்கோ ஒரு பெண்ணின் கைக்கூலி அதில் விழுங்கப்பட்டிருக்கிறது. ஆந்திராவின் நரசாபுரத்தில் வீட்டில் இருந்தபடி ஏற்றுமதிக்குக் குரோஷே லேஸ் பின்னிய பெண்களைப் பற்றி மரியா மீஸ் 1982இல் ஒரு நூல் எழுதினார். நாளெல்லாம் பின்னியவர்களை வியாபாரிகள் ‘சும்மா வீட்டில் இருக்கிறவர்கள், பொழுதுபோக்காகச் செய்கிறார்கள்’ என்று கணக்கு வைத்து, கூலியைக் கிள்ளிக் கொடுத்ததை அதில் விரிவாகக் காட்டியிருக்கிறார். மலையகத்துப் பெண்பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஆண்களுக்குச் சமமான நாட்சம்பளம் தோட்டத்துப் பெண்களுக்குக் கிடைத்ததே 1984இல்தான். 2021இல் 1,000 ரூபாய், 2024இல் 1,350, 2026க்கு ஊக்கத்தொகையோடு 1,750 என்று ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் தாய்மார் ரோட்டில் நின்றார்கள். மகள்மார் தங்கள் மணிக்கணக்கைச் சும்மா கொடுத்துவிடக் கூடாது.

சும்மா கொடுக்க வேண்டிய இடமும் இருக்கிறது. அது பிள்ளைத்தொப்பி. தோட்டப்புறங்களில் எடை குறைந்து பிறக்கும் குழந்தைகள் நாட்டின் மற்றப் பகுதிகளைவிட அதிகம். 2006-07 குடிசனச் சுகாதார அளவீட்டில் இது தெளிவாகப் பதிவாயிற்று. எடை குறைந்த சிசுவுக்கு உடற்சூட்டைக் காத்துக்கொள்ளும் கொழுப்பு குறைவு; உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது; சூடு தலை வழியே போய்விடும். தாயின் மார்போடு தோல்பட அணைத்து வைத்து, தலைக்குத் தொப்பி போடுவது என்பது உலகெங்கும் மருத்துவர்கள் சொல்லும் வழி. சேவ் த சில்ட்ரன் அமைப்பு 2006இல் இதைச் சொல்லி அமெரிக்கப் பெண்களிடம் தொப்பி கேட்டபோது இரண்டு இலட்சத்துக்கும் மேல் குவிந்தன.

பின்னத் தெரிந்தவர்களுக்கு இது ஒரு மாலைவேலை. நடுத்தர நூல், எட்டாம் நம்பர் ஊசி, எழுபது கண்ணி. முதல் மூன்று சென்ரிமீற்றருக்கு நிட் ஒன்று, பேர்ல் ஒன்று என்று போட்டால் இழுவை கிடைக்கும்; பிறகு வெறும் நிட்; உச்சியில் கண்ணிகளைக் குறைத்து, மிஞ்சியதை நூலில் கோத்து இறுக்கிவிடலாம். முப்பது கிராம் நூல்கூடத் தேவைப்படாது. ரிப்பன் வேண்டாம், பொத்தான் வேண்டாம், உச்சியில் பஞ்சுப்பந்து வேண்டவே வேண்டாம். உள்பக்கம் முடிச்சு உறுத்தக் கூடாது. அழகுக்காகக் கொக்கி ஊசியில் பெரிய பெரிய ஓட்டை விட்டுப் பின்னிய தொப்பி படத்துக்கு நன்றாக இருக்கும்; குளிருக்கு ஒன்றும் செய்யாது. கொடுக்குமுன் மருத்துவமாதுவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. சில வார்ட்டுகளில் துவைத்துக் காய்ச்சக்கூடிய பருத்தித்தொப்பியைத்தான் விரும்புகிறார்கள்.

எல்லாத் தேவைக்கும் பின்னலே மருந்து என்று நான் சொல்லவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இந்த மலைகளைப் பிளந்து, நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் கொண்டுபோனபோது, மண்சரிவில் வீடிழந்து பள்ளிக்கூடத் தரையில் படுத்தவர்களுக்கு வேண்டியது அன்றிரவே ஒரு போர்வை. தொழிற்சாலைப் போர்வை லொறியில் வந்தால்தான் முடியும். கைப்பின்னல் போர்வை ஒன்றுக்கு மாதக்கணக்கு பிடிக்கும். பல கைகள் சேர்ந்தால் கதை வேறு. சென்னையில் சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய ‘மதர் இந்தியா’ஸ் குரோஷே குயீன்ஸ்’ குழுவின் பெண்கள் ஊர் ஊராக, நாடு நாடாக இருந்து பின்னி அனுப்பிய துண்டுகளை இணைத்து 2016 ஜனவரியில் 11,148.5 சதுரமீற்றர் போர்வையொன்றை விரித்துக் கின்னஸில் ஏறினார்கள். சாதனை முடிந்ததும் அதைப் பிரித்துத் தேவையானவர்களுக்குக் கொடுத்தார்கள். சாதனையைவிடப் பிரித்துக் கொடுத்தது எனக்குப் பிடித்திருக்கிறது. வெப்பமான சென்னையில் பின்னிய போர்வை என்பது இன்னொரு வேடிக்கை.

குடும்பத்துக்குப் பின்னுவதன் திசையும் மாறிவிட்டது. அன்று வயதானவர்கள் பின்னினார்கள், பிள்ளைகள் போட்டார்கள். இன்று குவைத்தில் வீட்டுவேலைக்குப் போன அம்மா விமானத்தில் ஆயத்தக் கம்பளிச் சட்டை கொண்டுவருகிறாள். இங்கே இருக்கும் மகள் அம்மாவுக்கென்று குரோஷே பர்ஸ் பின்னி வைத்திருக்கிறாள். பெரியம்மாவின் பேத்தி கொட்டகலையில் உயர்தரம் படிக்கிறாள். ஜப்பானியக் குறியீட்டுப் படத்தைப் போனில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, வட்டமும் சிலுவையுமாக இருப்பதைப் பார்த்து முயலுக்குக் காது வைக்கிறாள். பெரியம்மாவுக்குக் குரோஷே தெரியாது. அவருடையது குடைக்கம்பிக் காலம். ஆனாலும் பக்கத்தில் இருந்து குறுக்கே பேசுவதை விடமாட்டார்.

“கண்ணிய இழுத்து இழுத்துப் போடுறியே புள்ள, பஞ்சு வெளிய வரப்போகுது.”

“இறுக்கமாப் போட்டாத்தான் அம்மாயி, பஞ்சு வெளிய வராது.”

“யாருக்கு இது?”

“ஒரு டீச்சர் ஓடர் குடுத்திருக்காங்க. காசுக்கு.”

“எவ்வளவு கேட்ட?”

பேத்தி சொன்ன தொகையைக் கேட்டுப் பெரியம்மா முதலில் வாயடைத்தார். பிறகு, அது முடிய எத்தனை இரவு ஆகிறது, நூல் என்ன விலை என்று விசாரித்தார். மனதுக்குள் நாட்சம்பளத்தோடு ஒட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

“அப்ப நீ குறைச்சில்ல கேட்டிருக்க” என்றார்.

ஒக்டோபர் 6 ஆசிரியர் தினம். அதற்கு முன்னால் பன்னிரண்டு சிவப்பு ரோஜா முடிக்க வேண்டும். ஹட்டனில் சிவப்பு நூல் தீர்ந்துவிட்டதாம். கொழும்பிலிருந்து வரும் பஸ்ஸில் பார்சல் போட்டிருக்கிறார்கள். புதிய ஓடர்களுக்கு விலையைக் கூட்டி எழுதிய பட்டியலை அவள் அன்றிரவே போனில் ஏற்றினாள்.